அம்மா பேரில் ஒரு வண்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. குளிருக்குக் காலையில விரல் மடங்க அடம் பிடிக்குது, வெயில் ஏறினா வழிக்கு வந்துடுது. அம்மாவோட முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதேன்னு டாக்டர் சொன்னதைக் கேட்கிறாளா, இல்லை டாக்டருக்கே புத்தி சொல்லி அனுப்பிட்டாளா? உன் வீட்டுக்காரிக்கு இருமல் விட்டுச்சா?

அட்டவணை வேலை ஓடிட்டிருக்கு. இந்த நாட்டுல இருக்கிற தரை வண்டு அத்தனையையும் ஒரே புத்தகத்துக்குள்ள கொண்டு வரணும்னு நான் உட்கார்ந்தப்போ உனக்குத் தலை நிறையக் கறுப்பு முடி. இப்போ நரையும் கொட்டியாச்சு. எது எங்கே கிடைக்கும், யார் முதல்ல பேர் வச்சாங்க, ஒண்ணை இன்னொண்ணுலேருந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது, எல்லாம் எழுதிட்டு வர்றேன். இந்த வருஷம் முடிச்சே ஆகணும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம அம்மா பேரை நீ வச்ச வண்டுக்கு வந்து சேர்ந்திருக்கேன். அதை உச்சிமலையில பிடிச்சே. இறகு கிடையாது, கழுத்துக் கவசம் அகலம், அதனால புதுசுன்னு எழுதினே. ஆத்தங்கரையில கிடைக்கிற பழைய வண்டு ஒண்ணு இருக்கில்லையா, அது இதைவிட ஒல்லி, இறகும் உண்டு. ரெண்டையும் இப்போ பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறேன். ரெண்டும் ஒரே இனம்தானோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீ அப்போ பிடிச்சதுல ஆண் ஏதாவது இருந்ததா? இங்கே பெட்டியில இருக்கிறது எல்லாம் பெண்தான்.

ஞாபகப்படுத்திச் சொல்லு. பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு. மியூசியத்துல வெள்ளையடிக்கிறாங்க, கடிதம் எங்கேயாவது சுண்ணாம்புக்குள்ள போயிடும்.

அம்மாவுக்கு என் முத்தம். உங்க எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். அம்மா டாக்டரை மாத்திட்டா. புது டாக்டரும் படி ஏறாதேன்னார், அவரையும் மாத்தப் போறா. என் வீட்டுக்காரிக்கு இருமல் போயிடுச்சு, இப்போ அவளுக்குப் பதிலா நான் இருமறேன். நான் சர்வேயர் ஆபீஸ்லேருந்து திரும்பும்போது உன் கடிதம் வாசல்ல கிடந்தது. படிச்சதும் காபி ஆறிப்போச்சு.

ஆண் கிடையாது. மூணு பெண், அவ்வளவுதான். அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு, கல்லைப் புரட்டிப் புரட்டி நகம் பெயர்ந்து போய்க் கிடைச்ச மூணு. அதை வச்சுத்தான் எழுதினேன், அதைத்தான் அச்சுப் போட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா போனார், நான் வேலைக்கு வந்தேன், வண்டைத் திரும்பிப் பார்க்கலை. உனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை.

ஆனா அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளு. நான் இத்தனை வருஷமா ஊரான் நிலத்தை அளந்து கல் நட்டிருக்கேன். அந்தக் கல்லுல ஒண்ணுலயாவது என் பேர் இருக்கா? உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு, அந்த வண்டோட பேருக்குப் பின்னாடி, பேர் வச்சவன்ங்கிற முறையில. அதுலயும் முன்னாடி அம்மா பேர், பின்னாடி என் பேர்.

அம்மாவைப் பத்தி நான் சொல்லணுமா? முதல்ல போட்டோவைக் காட்டினப்போ, "இவ்வளவு கறுப்பா, தொட்டா நாறுதுன்னு வேற சொல்றே, இதுக்கா என் பேரு?"ன்னு ஒரு வாரம் பேசலை. இப்போ கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவர்கூட அந்த போட்டோவைப் பார்க்காம வெளியே போக முடியாது.

புத்தகத்தை முடிக்கிற அவசரத்துல நீ ஒரு பேரைக் குறைக்கப் பார்க்கிறியோன்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ. அந்த வண்டை அப்படியே விட்டுட்டு மத்ததைப் பாரு.

கையைச் சூடா வச்சுக்கோ.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

இருமலுக்கு மருந்து சாப்பிட்டியா, இல்லை வீராப்புதானா? இங்கே குளிர் விட்டுடுச்சு. விரல் பரவாயில்லை, தொண்டைதான் கட்டியிருக்கு. நாள் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க சத்தத்துக்கு மேலே சத்தம் போட வேண்டியிருக்கு.

அவசரம்னு எழுதினே. அவசரம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவசரத்துக்காக ஒரு பேரை எடுக்கிறவ நான் இல்லை. அப்படி எடுக்கணும்னா அம்மா பேரா எனக்குக் கிடைச்சது?

நிலவரத்தைச் சொல்றேன். கீழ்ப் பெட்டியில வேற ஆறு வண்டு கிடைச்சுது. மலையோட நடு இடுப்புல யாரோ பிடிச்சது. அதுங்களோட கழுத்துக் கவசம் உன்னோடதை மாதிரி அகலமும் இல்லை, ஆத்தங்கரை வண்டு மாதிரி ஒல்லியும் இல்லை. மேல் ஓட்டைத் தூக்கிப் பார்த்தா இறகு பாதி வளர்ந்து நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு கூட்டம் இருந்தா, ரெண்டும் ஒண்ணுதானோன்னு கேட்க வேண்டியதுதான் என் வேலை.

ஆண் இருந்தா விஷயம் தெளிவாயிடும். ஆண் உறுப்போட வடிவம் இனத்துக்கு இனம் மாறும், அது பொய் சொல்லாது. அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதே. மைக்ராஸ்கோப்புல நான் நாள் முழுக்க என்ன பார்க்கிறேன்னு தெரிஞ்சா என்னைத் தலை முழுகிடுவா.

உச்சிமலைக்குப் போய் ஒரு ஆண் வண்டு பிடிச்சு அனுப்பு. வேற இனம்னு அது சொல்லிச்சுன்னா, அம்மா பேரை நானே தடித்த எழுத்துல போடறேன். அனுப்பலைன்னா கையில இருக்கிறதை வச்சு முடிவு பண்ணுவேன். முடிவு எந்தப் பக்கம் போகும்னு உனக்கே தெரியும். அப்பவும் அம்மா பேர் அழியாது, பழைய பேருக்குக் கீழே சின்ன எழுத்துல நிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கோ. பதில் போடு.

அக்கா

*

மார்ச் 30

தம்பிக்கு,

நீங்க எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதறேன். உன்கிட்டேருந்து ஒரு வரி வரலை. கோபம்னா கோபம்னாவது எழுது. மழைக்காலம் வந்தாத்தான் வண்டு வெளியே வரும், அதுக்கு இப்போதே ஏற்பாடு பண்ணணும். போறியா, இல்லையா?

அக்கா

*

ஏப்ரல் 18

மகளுக்கு உன் அம்மா சொல்ல, மருமகள் எழுதறது.

நான் நல்லா இருக்கேன். முழங்கால் பத்தி விசாரிக்க வேண்டாம், அதை நான் பார்த்துக்கறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நான் உயிரோட இருக்கும்போதே என் பேரை எடுக்கறியாமே? சின்னவன் சொல்லலை. உன் கடிதத்தை மருமகளைப் படிக்கச் சொன்னேன். (அத்தை நின்ன இடத்துலேருந்து நகரலை அண்ணி, படிக்க வேண்டியதாப் போச்சு.) உன்னைப் பூச்சி படிக்க வைக்கிறதுக்கு உங்க அப்பாவோட எவ்வளவு மல்லுக்கு நின்னேன் தெரியுமா? பொண்ணு பூச்சி பிடிச்சுத் திரியறதான்னு கேட்டார். திரியட்டும், என் பொண்ணுன்னேன். அந்தப் பூச்சிப் படிப்பை வச்சே என் பேரை அடிக்கிறியே, இது அடுக்குமா? (இதை அப்படியே எழுதுன்னு சொல்றாங்க.)

சின்னவன் சரியாப் பேசறதில்லை. சாப்பிடறான், ஆபீஸ் போறான், வந்து மலையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செய்யறது? யாராவது ஒருத்தர் எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

ஆசீர்வாதம்.

அண்ணி, இது நான் எழுதறது. அத்தை தூங்கறாங்க. அவரோட பழைய பெட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியைத் துடைச்சு வச்சிருக்கார். திட்டிக்கிட்டேதான் துடைச்சார். நீங்க விடாதீங்க.

*

மே 2

அம்மாவுக்கு,

நான் ஒழுங்கா சாப்பிடறேன். நீ படி ஏறாம இருந்தா இன்னும் ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவேன்.

புரியற மாதிரி சொல்றேன். பள்ளிக்கூடத்துல ஒரே பிள்ளையை ரெண்டு பேர்ல சேர்த்துட்டாங்கன்னு வை. கண்டுபிடிச்சா எதை வச்சுப்பாங்க? முதல்ல எழுதின பேரை. ரெண்டாவது பேர் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. பிள்ளை மேலயும் தப்பில்லை, பேர் மேலயும் தப்பில்லை. ஆனா அது ஒரே பிள்ளைதானான்னு தெரியணும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

எனக்காக நீ அப்பாவோட மல்லுக்கு நின்னதை நான் மறக்கலை. அதனாலதான் இதை மூடி மறைக்க எனக்கு மனசு வரலை. உன் பேர் இருக்கிற இடத்துல பொய் இருக்கக் கூடாது.

சின்னவன்கிட்ட சொல்லு: ஒரே ஒரு ஆண் வண்டு போதும்.

உன் பெரியவள்

*

ஜூன் 11

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இருமல் நின்னுடுச்சு.

போன வாரம் ஆபீஸ் வேலையா உங்க ஊருக்கு வந்தேன். உன்னைப் பார்க்க நேரம் இல்லை. சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிட்டேன்.

மழை ஆரம்பிச்சதும் மலைக்குப் போறேன். லீவு எழுதிக் கொடுத்துட்டேன். வண்டு உன் கைக்கு எப்போ வந்து சேரணும்? சும்மா "சீக்கிரம்"னு எழுதாதே. நிஜத் தேதியைச் சொல்லு.

அங்கே இன்னுமா வெள்ளையடிக்கிறாங்க?

தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். இவ்வளவு தூரம் வந்துட்டு அக்கா வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்காம போயிருக்கே. இருக்கட்டும், அதை அப்புறம் பேசிக்கிறேன். மலைக்குப் போறேன்னியே, அது போதும்.

அக்டோபர் முடியறதுக்குள்ள எனக்கு எல்லாம் முடியணும். அதனால செப்டம்பர் நடுவுல வந்து சேர்ந்தா நல்லது.

நீ மறந்திருப்பே, அதனால சொல்றேன். பிளாஸ்டிக் டம்ளரை விளிம்பு மண்ணோட மட்டமா இருக்கிற மாதிரி புதை. உள்ளே கொஞ்சம் வினிகர் ஊத்து. மேலே ஒரு தட்டைக் கல்லைச் சின்னக் கல் மூணு மேல நிறுத்து, மழைத் தண்ணி விழாது. நடந்து வர்ற வண்டு தானா விழும். ஆணைப் பார்த்தாலே தெரியும், முன்னங்கால் பாதம் அகலமா இருக்கும். எங்கே, எவ்வளவு உயரத்துல பிடிச்சேன்னு ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதி வை. சீட்டு இல்லாத வண்டு எனக்கு வெறும் குப்பை.

வழுக்கும், பார்த்துப் போ. தனியாப் போகாதே. வெள்ளையடிக்கிற வேலை இன்னும் முடியலை, வீட்டுக்கே அனுப்பு.

அக்கா

*

செப்டம்பர் 8

அக்காவுக்கு,

முழுசாத் திரும்பி வந்தாச்சு. கால்ல ஒரு சிராய்ப்பு, அட்டை கடிச்ச இடம் ஏழெட்டு, மத்தபடி கல்லு மாதிரி இருக்கேன். அம்மா கால்ல மஞ்சளை அப்பி உட்கார வச்சிருக்கா. அதனாலதான் நீளமா எழுத முடியுது.

ஒரு ஆண் போதும்னே. அதோட நான் நிறுத்தலை. ஏன்னா உன்னைத் தோற்கடிக்கணும்னு இருந்தேன். உச்சிமலை வண்டு எங்கே முடியுது, ஆத்தங்கரை வண்டு எங்கே ஆரம்பிக்குதுன்னு அளந்து, கல் நட்ட மாதிரி உன் முன்னாடி வைக்கணும்னு நினைச்சேன். அளக்கிறதுதானே என் தொழில்? அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆபீஸ் செயின்மேனைக் கூட்டிக்கிட்டு, உயரம் பார்க்கிற லெவல் மிஷினையும் தூக்கிக்கிட்டுப் போனேன். உச்சியிலேருந்து ஆறு வரைக்கும் ஒரே நேர்க்கோடு. ஒரே அளவு உயரம் இறங்க இறங்க ஒரு வரிசை டம்ளர். செயின்மேன் கேட்டான், "சார், இது யார் நிலம், எவன் வழக்கு போட்டிருக்கான்?" எங்க அக்கான்னேன்.

மழை விடலை. டம்ளர்ல பாதியைப் பன்றி தோண்டிப் போட்டுடுச்சு, திரும்பப் புதைச்சோம். உச்சியில முதல் ரெண்டு தடவையும் ஒண்ணும் விழலை. மூணாவது தடவை போய்க் கல்லைத் தூக்கினா, உள்ளே ரெண்டு கறுப்பு. ஒண்ணோட முன்னங்கால் பாதம் அகலம். அக்கா, அந்த மழையில இருபத்திமூணு வயசு எனக்குத் திரும்ப வந்த மாதிரி இருந்துச்சு. கையில எடுத்தேன், விரல்ல புளிச்ச நாத்தத்தைப் பீச்சியடிச்சுது. சிரிச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்து வெள்ளைத் துணி விரிச்சு, உச்சியிலேருந்து ஆறு வரைக்கும் வரிசையா அடுக்கினேன். பூதக்கண்ணாடியை வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே வந்தேன். உச்சியில கவசம் அகலம். அடுத்த வரிசையில ஒரு பொடி குறைச்சல். அதுக்கடுத்ததுல இன்னும் ஒரு பொடி. இறகும் அப்படித்தான். மொட்டை, குச்சி, அரை, முக்கால், முழுசு. எந்த இடத்துலயும் ஒரு வெட்டு இல்லை. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பிரிக்க ஒரு இடம் கூட இல்லை. காலையில உட்கார்ந்தவன் சாப்பாட்டு நேரம் வரைக்கும் தேடினேன். எங்கே கல் நடறதுன்னு எனக்குத் தெரியலை.

அதனால நீ எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன். ரெண்டும் ஒண்ணுதான். ஆணையும், மலையில அளந்த கோட்டோட படத்தையும் அனுப்பியிருக்கேன், நீ உறுப்பைப் பார்த்து உறுதி பண்ணு. ஆனா ஒரு நிபந்தனை. புத்தகத்துல "இது தனி இனம் இல்லை"ங்கிற குறிப்பு என் பேர்ல வரணும். நான் வச்ச பேரு, நானே எடுத்து வைக்கிறேன்.

இன்னொண்ணு. ஜூன்ல நான் ஆபீஸ் வேலைக்கு வரலை. உன்னோட சண்டை போடத்தான் வந்தேன். மியூசியம் வாசல்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசை. அவங்க பின்னாடி நின்னேன். டிக்கெட் ஜன்னல்லேருந்து ஒரு கை சீட்டைக் கிழிச்சு நீட்டுது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? வரிசையை விட்டு வெளியே வந்து வாட்ச்மேனைக் கேட்டேன். "வண்டு மேடமா? அந்த செக்‌ஷனை ஜனவரியிலேயே மூடியாச்சே. கேட் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து உள்ளே உட்கார்ந்து ஏதோ எழுதறாங்க. மணி அடிச்சதும் ஜன்னலுக்கு ஓடி வருவாங்க"ன்னார். நான் சண்டை போடாமத் திரும்பிட்டேன். நீ சொல்லாததை நானா கேட்கக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா இப்போ கேட்கிறேன். அக்டோபர் கடைசியில அங்கே என்ன?

தம்பி

*

செப்டம்பர் 17

தம்பிக்கு,

பார்சல் பத்திரமா வந்தது. சிராய்ப்பு ஆறிடுச்சா? வண்டுல குத்தின ஊசி ஒண்ணு கூட ஆடலை. சீட்டு எல்லாம் உன் சர்வே எழுத்துல, அவ்வளவு சுத்தம். இந்த நாட்டுல இதுவரைக்கும் யாரும் ஒரு வண்டுக்காக ஒரு மலையை இப்படி அளந்ததில்லை. இதை நான் அக்காவா சொல்லலை, அட்டவணை எழுதறவளா சொல்றேன்.

உச்சி ஆணையும் ஆத்தங்கரை ஆணையும் பார்த்தேன். ஒண்ணுதான். இம்மி வித்தியாசம் இல்லை. குறிப்பு உன் பேர்லயே வரும், உன் மலைக்கோடு படமும் வரும்.

இப்போ நீ கேட்டதுக்கு வர்றேன். ஜனவரியில செக்‌ஷனை மூடிட்டாங்க. புது டைரக்டர் நல்ல மனுஷர்தான், ஆனா பார்க்க வர்றவங்களை எண்ணறவர். வண்டுப் பெட்டியைப் பார்க்க யாரும் வர்றதில்லைன்னார். உண்மைதான். அந்த ஹால்ல மீன் தொட்டி வைக்கப் போறாங்க. என்னை டிக்கெட் ஜன்னலுக்கு மாத்தினாங்க. அக்டோபர் முடிஞ்சதும் அலமாரி எல்லாம் ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்குக்குப் போகுது. போயிடுச்சுன்னா ஒரு வண்டைப் பார்க்கணும்னாலும் எழுதிக் கொடுத்துக் காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள முடிக்கணும்னுதான் ஓடினேன்.

உன்கிட்ட ஏன் சொல்லலை? சொன்னா பரிதாபப்பட்டு வண்டைப் பிடிச்சுக் கொடுத்திருப்பே, இல்லைன்னா பரிதாபப்பட்டுப் பேரை விட்டுக் கொடுத்திருப்பே. ரெண்டும் எனக்கு வேண்டாம். நீ வண்டைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன். கடைசியில நீ தெரிஞ்சுக்கிட்டே போயும் வண்டைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கே.

ஜன்னல்ல உட்கார்ந்ததுக்கு எனக்கு வெட்கம் இல்லை. பக்கத்துல வரிசையில நின்னுட்டு அக்கான்னு கூப்பிடாம போனியே, அதுதான் வலிக்குது.

பேர் போன விஷயத்தை அம்மாகிட்ட யார் சொல்றது?

அக்கா

*

அக்டோபர் 5

அக்காவுக்கு,

கால் ஆறிடுச்சு. கூப்பிடாம போனது தப்புதான். கூப்பிட்டிருந்தா அங்கேயே அழுதிருப்பேன், பிள்ளைங்க சிரிச்சிருக்கும்.

அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். பார்சல் போக மீதி இருந்த வண்டுங்களைச் சாப்பாட்டு மேஜையில வரிசையா வச்சுக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வந்தா.

"இதுல உன்னோடது எது வரைக்கும்னு காட்டும்மா"ன்னேன்.

விரலை வச்சா. "இது வரைக்கும்." அப்புறம் தலையைச் சாய்ச்சுப் பார்த்தா. "இல்லை, இதுவும்தான்." இன்னும் ஒண்ணு தள்ளினா. அப்படியே மேஜை விளிம்பு வரைக்கும் வந்துட்டா. விரலை எடுத்துட்டு என்னை முறைச்சா.

"அப்போ பெரியவ சொன்னது சரியா?"

"சரிதாம்மா."

"அந்தப் பழைய பேரு யாரோடது?"

"யாரோடதும் இல்லை. அந்தப் பேருக்குச் சேத்துல வாழறதுன்னு அர்த்தம்."

"என்னைத் தள்ளிட்டு சேத்தையா உட்கார வச்சீங்க?"ன்னு எழுந்து போயிட்டா. ராத்திரி சாப்பாட்டுக்கு வரலை. மறுநாள் நான் பரிமாறினா வாங்க மாட்டேன்னுட்டா, என் வீட்டுக்காரி பரிமாறினா சாப்பிட்டா. நான் தலையைக் குனிஞ்சுட்டுத் திரிஞ்சேன். உண்மையாவே அவளுக்கு வலிச்சிருக்கு அக்கா. ரெண்டாம் நாள் என் அறைக்கு வந்து, "இத்தனை பேருகிட்ட சொல்லி வச்சிருக்கேனே, இனிமே என்ன சொல்றது?"ன்னு கேட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

நேத்து சிலிண்டர் கொண்டு வந்தவர்கிட்ட அவளே ஆரம்பிச்சா. "என் பேர்ல ஒரு வண்டு இருந்துச்சு தெரியுமில்லையா? என் பிள்ளை மழையில மலை முழுக்க அளந்துட்டு வந்து, என் பொண்ணு மிஷின்ல பார்த்து, ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு பண்ணி எடுத்துட்டாங்க. பெத்த அம்மான்னு கூடப் பார்க்கலை." கதை முன்னைவிட நீளமாயிடுச்சு. அந்த ஆளு சிலிண்டரைத் தோள்ல வச்சுக்கிட்டே நின்னார்.

அலமாரி விஷயத்துல என்ன பண்ணப் போறே? டைரக்டரை நான் வந்து பார்க்கட்டுமா?

தம்பி

*

நவம்பர் 14

தம்பிக்கு,

அம்மா இப்போ உன் கையால சாப்பிடறாளா? எனக்குத் தொண்டைக்கட்டு சரியாயிடுச்சு. முதுகுதான் பிடிச்சிருக்கு, காரணம் கீழே எழுதியிருக்கேன்.

அட்டவணை அச்சுக்குப் போயிடுச்சு. கடைசிப் பக்கத்தை அலமாரி பக்கத்துலயே நின்னுக்கிட்டு எழுதினேன். நாற்காலியை அதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. உன் குறிப்பும் படமும் ஒரு முழுப் பக்கம் வருது. அச்சகத்துக்காரர் போன் பண்ணி, "இவர் எந்தக் காலேஜ்ல இருக்கார்?"னு கேட்டார். சர்வே ஆபீஸ்னேன்.

டைரக்டரை நீ பார்க்க வேண்டாம், நானே பார்த்தேன். அலமாரியை நிறுத்த முடியாதுன்னு எனக்குத் தெரியும், அதனால அதைக் கேட்கலை.

"கிடங்குல காப்பாளர் வேலை காலியா இருக்கே, அதை எனக்குக் கொடுங்க"ன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வச்சுட்டார். "அங்கே யாரும் போறதில்லை மேடம். தகரக் கூரை, பக்கத்துல பட்டறை. பஸ் கூட கிடையாது. ஜன்னல்லயே இருங்க, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தானே?"

"வண்டு போற இடத்துக்கு நானும் போறேன் சார். உங்களுக்கும் ஒரு ஆள் தேடற வேலை மிச்சம்."

"அங்கே உட்கார்ந்து என்ன செய்வீங்க?"

"இதுவரைக்கும் பேர் வச்ச வண்டுங்களைத்தான் எழுதி முடிச்சிருக்கேன். பேர் வைக்காததே நாலு அலமாரி இருக்கு."

பேனாவைத் திரும்ப எடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டார்.

அலமாரி போன லாரியில நானும் ஏறிப் போனேன். டிரைவர் பக்கத்துல உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் மெதுவா, மெதுவான்னு அவர் உயிரை வாங்கினேன். ஒரு கண்ணாடி விரிசல் விட்டுச்சு, வண்டு எதுவும் உடையலை. இப்போ பெரிய சாவிக் கொத்து என் இடுப்புல. மேஜை போட்டாச்சு, மைக்ராஸ்கோப்புக்கு வெளிச்சம் நல்லா வருது. ஏன்னா கூரையில அங்கங்கே ஓட்டை. மழை வந்தா மேற்குப் பக்கத்துலேருந்து தண்ணி உள்ளே வருது. நாலு நாளா அலமாரியைத் தள்ளித் தள்ளி வச்சு முதுகு போயிடுச்சு.

வாசல்ல வாய்க்கால் வெட்டச் சொன்னா ஆளுக்கு ஒரு திசையைக் காட்டறாங்க. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அளந்து சொல்ல ஆள் வேணும். பேர் இல்லாத அந்த நாலு அலமாரிக்கும் இன்னொரு ஜோடிக் கண் வேணும். லீவு மிச்சம் இருந்தா எழுதிக் கொடுத்துட்டு வா. அம்மாவையும் கூட்டிட்டு வா, இங்கே மாடிப்படியே கிடையாது.

பெரிய ரோட்டுல இறங்கி, பட்டறை வரிசை தாண்டி உள்ளே நட. பேர்ப்பலகை இருக்காது. நீலக் கதவு. தட்டினா எனக்குக் கேட்காது, கூரை மேல சுத்தியல் சத்தம் கேட்டா அது நான்தான். கீழே நின்னு சத்தமா அக்கான்னு கூப்பிடு.

அக்கா